நாலாவது வரி

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

‘ஸ்தோத்திரம்’ என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அந்தச் சொல் இப்போது உனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ தெரியவில்லை. மேலே கோடு தெரிந்தால் அதுதான்.

போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘ம்’, ‘சரி’, ‘வேலை இருக்கு’ என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படாதா என்றுதான் எழுதுகிறேன்.

அத்தான் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை உன் வீட்டைத் திறந்து, ஜன்னல்களை ஒரு மணி நேரம் திறந்து வைத்துவிட்டு வருகிறேன். ரோஜாத் தொட்டிகளில் ஒன்று போய்விட்டது, அது என் தப்பு. மற்ற இரண்டும் உயிரோடு இருக்கின்றன. வாசலில் அத்தானுடைய செருப்பு அப்படியே கிடக்கிறது. நீ சொன்னால் எடுத்து உள்ளே வைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறதி, அக்கா. முந்தின வாரத் தாளை வைத்துக்கொண்டுதான் சர்ச்சின் புது ஜெபத் தாளைச் சரி செய்வது வழக்கம், உனக்கே தெரியும். அடக்கம் நடந்த வாரம், வந்தவர் போனவர் என்று தலை சுற்றிக்கொண்டிருந்தது. கண் தவறிவிட்டது.

இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஐந்து தாள் கிழித்துவிட்டு ஆறாவதில் எழுதுகிறேன். உனக்கு வேலை மிச்சம்.

உன் தம்பி


மே 21

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. செருப்பு அங்கேயே கிடக்கட்டும்.

மறதி என்று எழுதியிருக்கிறாய். இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன் நீ. கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று விட்டுப்போனால் உனக்கு அன்று சாப்பாடு இறங்காது. பலகையில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று எதிர்க் கடைக்குப் போகாமல் அடுத்த தெருவுக்கு நடப்பவன். ஒரு புள்ளியை விடாதவன் ஒரு ஆளையே விட்டுவிட்டாயா?

அது என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நான்தான் கேட்காமல் கொஞ்சம் தாமதமாக வந்து மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் உட்காரும் ஓரத்தைக் காலியாக விட்டுத்தான் உட்கார்ந்தேன். நீ எழுந்து தாளை வாசித்தாய். மேலே நன்றிக்கு ஸ்தோத்திரம், கீழே வேண்டுதலுக்கு விண்ணப்பம். விண்ணப்பத்தில் நாலாவது வரி வந்ததும், நம் சகோதரர் பூரண சுகம் பெறும்படியாக என்று அவர் பெயரைச் சொன்னாய். ஐந்து நாள் முன்னால் மண் போட்ட ஆளுக்கு. நான் எழுந்துவிட்டேன். வாசற்படியில் கால் வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் சபை முழுக்க, வழக்கப்படி, ‘ஆமென்’ என்றது.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து நாற்பத்தொரு வாரம் அந்த வரி கீழேயே இருந்தது. நம் சர்ச்சில் சுகமானவர்களின் பெயர் அடுத்த வாரம் மேலே ஸ்தோத்திரத்துக்குப் போய்விடும். நீதான் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு ஏற்றுவாய். பால்காரர் மூட்டு வலி சரியாகி மேலே போனார். டீச்சரின் மாமியார் கண் ஆபரேஷன் முடிந்து மேலே போனார். தாளைக் கையில் வாங்கியதும் என் கண் முதலில் மேலேதான் போகும். பிறகு இறங்கி வந்து நாலாவது வரியில் அவரைப் பார்க்கும். கர்த்தர் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை, விட்டுவிடலாம். ஆள் போன பிறகும் கேட்டது என்னைக் கேலி செய்த மாதிரி இருந்தது.

இங்கே ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை. பெட்ஷீட், தலையணை உறை, சலவையிலிருந்து வந்ததை மடித்து வார்டு வாரியாக அடுக்க வேண்டும். கிழிந்த பெட்ஷீட்டில் நல்ல பாகத்தை வெட்டித் தலையணை உறை தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று உனக்குப் புரியும்.

ரோஜாவுக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றாதே. அதுதான் ஒன்றைக் கொன்றிருக்கும்.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்கா,

நீ திட்டியது நன்றாக இருந்தது. நான்கு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை.

தாள் வாசிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது தபால் ஆபீஸ்காரர் வாசிக்கிறார். அவர் வாயில் எல்லா ‘ழ’வும் ‘ள’ ஆகிவிடும். ‘வாழ்வு’ என்று நான் திருத்திக் கொடுத்தால் ‘வாள்வு’ என்று வெளியே வருகிறது. பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனையைப் போதகரே யோசித்திருக்க முடியாது.

அத்தான் வரியை எடுத்துவிட்டோம். ஐந்தாவது நாலாவதாகிவிட்டது, ஆறாவது ஐந்தாவதாகிவிட்டது. தாளைப் பார்த்தால் அப்படி ஒருவர் நாற்பத்தொரு வாரம் அங்கே இருந்தார் என்பதற்கு ஒரு தடமும் இல்லை. சுகமானால் மேலே, சுகமில்லை என்றால் கீழே. போனவர்களுக்கு நம் தாளில் இடமே கிடையாது என்பது இத்தனை வருடம் அதைத் திருத்தியும் எனக்கு உறைக்கவில்லை.

உனக்குச் சொல்லலாமா கூடாதா என்று வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் பேக்கரிக்காரம்மா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்கள். ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்கள்.

“உங்க அக்கா எழுந்து போனப்ப எல்லாரும் உங்களத்தான் திட்டினாங்க. நானும் தலையாட்டினேன். ஆனா உள்ளுக்குள்ள எனக்குப் பொறாமையா இருந்துச்சு தம்பி. என் பையன் போயி நாலு வருஷமாச்சு. அவன் பேர யாரும் என் முன்னாடி சத்தமா சொல்றதே இல்ல. சொன்னா நான் அழுவேன்னு பயம். அழுதா என்ன, அழுதுட்டுப் போறேன். சர்ச் பூரா ஒரு தடவ அவன் பேருக்கு ஆமென் சொல்லட்டுமே.”

ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் எழுதத் தைரியம் வரவில்லை.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

பேக்கரிக்காரம்மாவிடம் நானும் நாலு வருடமாக ரொட்டி வாங்கியிருக்கிறேன். வெயில், மழை, மாவு விலை எல்லாம் பேசியிருக்கிறேன். அந்தப் பையன் பெயரை நானும் ஒரு நாள் சொன்னதில்லை. நாசூக்காக நடந்துகொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். இனி ஊருக்கு வந்தால் சொல்வேன் என்று அவரிடம் சொல்.

இங்கே எனக்குத் துணை இஸ்திரி அக்கா. என்னைவிட ஐந்து வயது சின்னவர், ஆனாலும் இங்கே எல்லாருக்கும் அக்கா. பெரிய இஸ்திரி மெஷினில் நாள் முழுக்க நிற்கிறவர். நிமிடத்துக்கு ஒரு முறை ‘கர்த்தாவே’ என்பார். துணி சுருங்கினால் ஒரு கர்த்தாவே, கால் வலித்தால் ஒரு கர்த்தாவே. நான் ஜெபிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை.

உன்னிடம் சொல்கிறேன். கோபம் மட்டும் காரணமில்லை. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்ததும் உன் அத்தான் நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்காகக் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பாரே. நீ புரூஃபில் விரலை வைத்துக்கொண்டே வருவாய். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவரைப் பழக்கியவன் நீ. அது அவருக்கு எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று நினைவிருக்கிறதா? சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணும்போது, “கர்த்தாவே கமா, இந்த ஆகாரத்திற்காக ஸ்தோத்திரம் முற்றுப்புள்ளி” என்று சொல்லிவிட்டு, அவரே திடுக்கிட்டுக் கண்ணைத் திறப்பார். நீ மேசைக்குக் கீழே குனிந்து சிரிப்பாய். பிறகு வேண்டுமென்றே சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. மூச்சு வாங்கிய கடைசி வாரத்திலும் கமா போட்டுத்தான் ஜெபித்தார்.

இப்போது நான் ‘கர்த்தாவே’ என்று வாயைத் திறந்தால் அடுத்து எனக்குக் கமா என்றுதான் கேட்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை போக முடியவில்லை. ஏழெட்டு மாதமாக என் ஜெபம் அந்த ஒரு சொல்லோடு நிற்கிறது.

பாக்கி என்று எழுதினாயே, என்ன அது? பாதியில் நிறுத்துவது உன் குணம் இல்லையே.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்கா,

மறதி இல்லை.

இதோடு வைத்திருக்கும் தாளைப் பார். அது அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளின் புரூஃப். நாலாவது வரியில் சிவப்புக் கோடு இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அச்சகத்தில் உட்கார்ந்து நான்தான் அடித்தேன். நேராகத்தான் அடித்தேன். அடித்துவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்ததும், செவ்வாய்க்கிழமை குழிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட வராத அழுகை வந்துவிட்டது. மண் போட்டதை ஊரே சேர்ந்து செய்தோம். இதை நான் ஒருவன் தனியாக, என் கையால், என் பேனாவால் செய்துவிட்டேன்.

அடித்த ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டுமென்றால் நாங்கள் அதன் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவோம். டைப் அடிப்பவருக்கு அது போதும், ஏன் என்று கேட்கமாட்டார். புள்ளிகளைப் பார், கீழே வரிசையாக இருக்கின்றன. ஓரத்தில் என் எழுத்து.

காலையில் அந்த வரி வருகிறது என்று தெரிந்தேதான் வாசித்தேன். நீ வரமாட்டாய் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை, அழுதுவிடுவேனோ என்று பயம். கடைசியாக ஒரு முறை சபை அவருக்காக ஆமென் சொல்லட்டும், யாராவது கேட்டால் மறதி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். உன் முதுகு தெரிந்தது.

நீ புருஷனைப் பறிகொடுத்தவள், உன் முன்னால் என் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு வருவது நியாயமில்லை என்று தோன்றியது. அதனால் மறதி என்றே சொன்னேன். மறதிக்காரன் என்று பெயர் வாங்குவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதைவிடக் கஷ்டம் உண்மையைச் சொல்வது. எனக்கு அண்ணன் இல்லை. அவர்தான் இருந்தார்.

தம்பி


செப்டம்பர் 8

அக்கா,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. நான் அனுப்பியது வந்து சேர்ந்ததா? சேர்ந்து, கோபம் என்றால் கோபம் என்று ஒரு சொல் எழுதி அனுப்பு. தாளைத் திருப்பி அனுப்பினாலும் சரி.

ரோஜா இரண்டிலும் மொட்டு விட்டிருக்கிறது. தண்ணீர் குறைத்துத்தான் ஊற்றுகிறேன்.

தம்பி


செப்டம்பர் 30

தம்பிக்கு,

வந்து சேர்ந்தது. முதல் பத்து நாள் கோபம்தான், மறைக்கவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நானும் உன்னோடு உட்கார்ந்து அழுதிருப்பேனே என்ற கோபம். பிறகு வெட்கம். உன் அத்தான் செத்ததில் எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்பது போல வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் உனக்கு என்னவாக இருந்தார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம் சலவை வண்டி வந்தது. தலையணை உறைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் மூலையில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. விரலை விட்டு எடுத்தால், நாலாக மடித்த காகிதம், சலவையில் நனைந்து கட்டியாகியிருந்தது. மெதுவாகப் பிரித்தேன். மை எல்லாம் கரைந்து, ‘அம்மாவுக்குச் சுகம் தாரும்’ என்பது மட்டும் மிச்சம். எந்த அம்மா, எந்த வார்டு, ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒரு பிள்ளை எழுதித் தலைக்குக் கீழே வைத்திருக்கிறது.

இஸ்திரி அக்காவிடம் காட்டினேன். இதை என்ன செய்வது, அந்த அம்மா இப்போது இருக்கிறார்களோ இல்லையோ என்றேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வீட்டுக்குப் போனாங்களா, மேல போனாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்? அதுக்காக வந்த லெட்டரக் குப்பையில போட முடியுமா? அனுப்பினவங்க இடம் மாறியிருக்கலாம். சேர வேண்டியவரு மாறலியே, எப்பவும் அங்கயேதான இருக்காரு. உங்க கைக்குத்தான வந்திருக்கு. நீங்களே சேத்துருங்க. நான் மெஷின நிறுத்துறேன்.”

நிறுத்திவிட்டார். அந்த அறையில் அந்தச் சத்தம் இல்லாமல் நான் இருந்ததே இல்லை. வேறு வழியில்லாமல் கண்ணை மூடினேன். “கர்த்தாவே” என்றேன். பிறகு, தம்பி, என் வாய் தானாகவே “கமா” என்றது. சத்தமாக.

இஸ்திரி அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே மீதியையும் சொல்லி முடித்தேன். அந்த அம்மா எங்கே இருந்தாலும் உம் கையில்தான் இருக்கிறார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. செத்திருக்கலாம் என்று தெரிந்தே ஒரு ஆளின் சுகத்துக்காக நான் ஜெபித்திருக்கிறேன். நீ செய்ததும் இதுதானே. இதற்காகத்தானே உன்னோடு பத்து மாதமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

இயேசு சிநேகிதனின் கல்லறைக்கு முன்னால் நின்று அழுதார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அவனை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். எனக்கு அது எப்போதும் புரிந்ததில்லை, தெரிந்தவர் எதற்கு அழ வேண்டும்? இப்போதும் முழுக்கப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று துணி அறையில் அழுதபோது நான் தனியாக அழவில்லை என்று இருந்தது. இயேசு என்னைத் திருத்திக்கொண்டு நிற்கவில்லை, கூட நின்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்தப் பத்து மாதத்தில் அன்றைக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

உன் தாளைத் திருப்பி அனுப்பமாட்டேன். இப்போதைக்கு என்னிடமே இருக்கட்டும்.

அக்கா


அக்டோபர் 18

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். தப்பு. மெஷின்காரர் வந்து, “என்ன சார், பெரிய மிஸ்டேக் ஏதாவது விட்டுட்டீங்களா?” என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

நவம்பரில் ஒரு வருடம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளில் அத்தானுக்காக ஏதாவது போடலாம் என்று போதகர் சொன்னார். ‘நினைவுகூருதல்’ என்று தலைப்பு வைத்து ஒரு கட்டம் கட்டியிருக்கிறேன். உள்ளே எழுதத்தான் வரவில்லை. ‘நம்மைவிட்டுப் பிரிந்த’ என்று ஆரம்பித்தால் கல்லறைக் கல்லில் வெட்டியது போல இருக்கிறது. மூன்று விதமாக எழுதினேன். ஒன்றிலும் அத்தான் இல்லை, பிழை மட்டும் இல்லாமல் இருக்கிறது.

புரூஃபை இதோடு வைத்திருக்கிறேன். இந்த ஒரு முறை நீ பார்த்துக் கொடு.

நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இல்லை, கேட்கிறேன். வா அக்கா.

தம்பி


நவம்பர் 2

தம்பிக்கு,

ஸ்தோத்திரம். பார், அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

புரூஃப் பார்த்துவிட்டேன். சிவப்புப் பேனா இங்கே கிடையாது. துணிக்கு வார்டு நம்பர் போடும் மார்க்கர்தான் இருக்கிறது, கொஞ்சம் தடியாக விழுந்திருக்கும். பொறுத்துக்கொள்.

உன் கட்டத்தை முழுக்க அடித்துவிட்டேன். அது வேண்டாம். பதிலாக நீ ஜூலையில் அனுப்பிய பழைய தாளைத் திருப்பி அனுப்புகிறேன், அதிலிருந்து எடுத்துப் போடு. நாலாவது வரியை நீ அடித்து, கீழே புள்ளி வைத்து, ‘இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். சரிதான், இருக்கட்டும். அதில் தப்பு ஒன்றே ஒன்றுதான், அது இருந்த இடம். நான் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன். விண்ணப்பத்திலிருந்து மேலே, ஸ்தோத்திரத்துக்கு. ‘பூரண சுகம் பெறும்படியாக’ என்பதைப் ‘பூரண சுகம் பெற்றதற்காக’ என்று மாற்றியிருக்கிறேன். இரண்டே எழுத்துதான் வித்தியாசம் என்று நினைத்தேன், எழுதிப் பார்த்தால் அதற்கு மேல் வந்தது. நீ சரி பார்த்துக்கொள்.

எல்லா நாளும் நான் அப்படியே நம்புகிறேன் என்று எண்ணிவிடாதே. வாரத்தில் நாலு நாள் நம்புகிறேன். மற்ற மூன்று நாளில் அவருடைய இருமல்தான் காதில் கேட்கிறது. அந்த மூன்று நாளுக்காகத்தான் நீங்கள் எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். போதகர் ஏதாவது கேட்டால், துணி அறைக்காரி திருத்தியது என்று சொல்.

அதற்கு அடுத்த வரியில் பேக்கரிக்காரம்மாவின் மகன் பெயரை எழுதியிருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுப் போடு. ஒற்று சரியா என்று பார்.

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். ஜன்னலைத் திறந்து வை. செருப்பை எடுக்காதே, நானே எடுத்துக்கொள்கிறேன்.

தபால் ஆபீஸ்காரரிடம் சொல்லிவிடு, அன்றைக்கு அவர் வேண்டாம். நீதான் வாசிக்க வேண்டும். மூன்றாம் பெஞ்சில் ஓரத்தை விட்டு உட்கார்ந்திருப்பேன். தலையைத் தூக்கி, என்னைப் பார்த்தே வாசி. இந்த முறை ஆமென் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டேன்.

அக்கா